பாடும் ஈடுபாடும்

உழைப்பைக் குறிக்கத் தமிழில் 'பாடு' என்றொரு சொல் உண்டு. வயிற்றுப்பாடு என்கிறோம், பாடுபட்டுச் சேர்த்த பொருள் என்கிறோம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இச்சொல்லுக்கு மற்றுமொரு பொருளும் வழங்குகிறது. கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள், இறால் மிகுதியாகக் கிடைக்கும் நீர்ப்பரப்புகளைக் குலுக்கல் மூலம் பங்கிட்டு, முறை வைத்து வலை கட்டுகின்றனர். அந்த ஏற்பாட்டுக்கும் பாடு என்றே பெயர். முறை வந்தவர் இறங்குகிறார். முறை முடிந்தவர் அவ்விடத்தைப் பிறருக்கு விட்டு விலகுகிறார். இதில் இடம் பெறாத மக்களும் அக்கரையில் உண்டு என்பது மறுக்க முடியாத குறை. ஆயினும், உழைப்புக்கும் ஓர் எல்லை வேண்டும் என்னும் உண்மை இதில் அடங்கியிருக்கிறது.

அந்த எல்லை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிறதா?

நம் சகோதரியின் மகன் சென்னையில் கணினி நிரல் எழுதும் பணியில் இருக்கிறார். விடுமுறைக்குப் பழவேற்காட்டிலுள்ள வீட்டுக்கு அவர் வந்திருந்தபோது நாமும் சென்றிருந்தோம். ஏரிக்கரையில் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் பன்முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அழைப்பு ஏதும் வரவில்லை. வந்துவிடுமோ என்னும் கவலைதான். "வேலையைத் தவிர உனக்கு வேறு எதில் விருப்பம்?" என்று வினவினோம். நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "தெரியவில்லை மாமா" என்றார். நல்ல ஊதியம் பெறும் பிள்ளை தந்த அந்த விடை நம் உள்ளத்தை வருத்தியது.

'பொழுதுபோக்கு' என்று நாம் சொல்லிப் பழகிய சொல்லே பிழையான எண்ணத்தைத் தந்துவிடுகிறது. பொழுது என்ன, போக்கித் தொலைக்க வேண்டிய பொருளா? 'ஈடுபாடு' என்பதே இதற்குப் பொருந்தும். அச்சொல்லிலும் ஒரு 'பாடு' இருக்கிறது. ஆனால் அது பிறர் ஏவலால் படும் பாடு அன்று. உள்ளம் தானே விரும்பி ஏற்கும் பாடு.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஊர்தி கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஊர்தி, ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியது. அத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அத்துணைப் பொறுப்பைச் சுமந்தவர் வீணை வாசித்தார். தமிழில் கவிதை எழுதினார். கணினியியலின் பேராசான்களுள் ஒருவரான அமெரிக்காவின் டொனால்டு நூத், தம் இல்லத்திலேயே பைப் ஆர்கன் என்னும் பெரிய இசைக்கருவியை அமைத்து வாசிப்பவர். வேலை ஒன்றையே தானென்று எண்ணுபவன், வேலை வீழும்போது தானும் வீழ்கிறான். நிரலைப் பொறியே எழுதத் தொடங்கிவிட்ட இந்நாளில், கால் ஊன்ற வேறோர் இடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வந்தன. நம் இளைஞர் நிழற்படக் கருவி ஒன்றை வாங்கினார். ஞாயிறுதோறும் விடியலில் படகேறினார். முதலில் மகிழ்ந்தார். பின்னர், தம் படங்களை எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கை குறைந்த நாளில் முகம் வாடினார். அலுவலகம் படகிலும் ஏறிக்கொண்டது!

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலைப் பெட்டி முடைவதில் கைதேர்ந்தவர்கள். கருவியை மூடிவைத்துவிட்டு, அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவரிடம் அவர் முடையக் கற்றார். கோணலாக ஒரு சிறு பெட்டி உருவாயிற்று. அதைப் படமெடுக்கவில்லை, எவருக்கும் காட்டவுமில்லை. "மனத்துக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது பாட்டி!" என்றார். மூதாட்டியார் கையை நிறுத்தாமலே சொன்னார்: "உனக்கு இதம்தான் தம்பி. எனக்கு இது அரிசி."

அச்சொல் நம்மையும் சுட்டது. ஒருவருக்கு ஈடுபாடாக இருப்பது மற்றொருவருக்கு வயிற்றுப்பாடாக இருக்கிறது. ஆகவே நன்மை ஓலையிலும் இல்லை, வீணையிலும் இல்லை. கட்டாயமின்றி அதனிடம் செல்லக் கிடைக்கும் ஓய்வில் இருக்கிறது. அந்த ஓய்வை நமக்கு யார் ஈட்டித் தருகிறார்கள்? மகன் படகேறிய ஞாயிறுகளில், விடியுமுன் எழுந்து தேநீர் வைத்தவர் அவருடைய உம்மா அல்லவா? மகனிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்க நமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று கேட்டோம். "சின்ன வயதில் கதைப் புத்தகம் படிப்பேன், காக்கா. நிக்காஹ் முடிந்தபின் தொட்டதில்லை" என்றார், சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஏரியில் இறங்கும் மீனவர்க்கு முறை உண்டு. நம் அடுப்படிக்கு மட்டும் ஏன் முறை இல்லை? தனக்கென ஓர் ஈடுபாட்டைத் தேடும் பிள்ளை, அதே ஞாயிற்றுக்கிழமையில் உம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு முறையை விட்டு விலகக் கற்கட்டும். பிறர் ஓய்வைப் பறித்துப் பெறும் இன்பம் ஈடுபாடு ஆகாது. அது பிறர் மீது ஏற்றிய பாடே ஆகும்.