தட்டை நீட்டும் முன்

மகனுக்குப் பிறந்தநாள். பெற்றோர் அவனை ஆதரவற்றோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அவன் வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் சோறு விழுந்த பிறகும் யாரும் கைவைக்கவில்லை. முதலில் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும். கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும். செல்போனில் படம் எடுத்து முடிய வேண்டும். அதுவரை பசி காத்திருக்கும்.

வீடு திரும்பும் வழியில் பையன் கேட்கிறான்: "அவங்க மட்டும் ஏம்ப்பா இப்படி இருக்காங்க?"

"அது அவங்க தலையெழுத்துடா. நமக்குக் கடவுள் குறை வைக்கல. அதனால நாமதான் கொடுக்கணும்."

கொடுத்த மனம் நல்ல மனம்தான். சொன்ன பதில்தான் நஞ்சு. தலையெழுத்து என்ற ஒரு சொல்லில் பிள்ளையின் கேள்வி செத்துப்போகிறது. எழுதியவன் கருணையுள்ளவன் என்றால், பால்குடி மறக்காத குழந்தையின் வயிற்றில் பசியை எழுதுவானா? முற்பிறவிப் பாவம் என்றால், செய்த குற்றம் இன்னதென்றே அறியாத குழந்தையைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

வறுமையின் காரணங்கள் நம் காலடியில் கிடக்கின்றன. உழைத்தவன் வீட்டு அடுப்புக்குப் போதாத கூலி. ஒரு நோய் வந்தால் தலைமேல் ஏறும் கந்துவட்டி. தலைமுறை தலைமுறையாக நிலத்தையும் எழுத்தையும் தொடவிடாத சாதி. முன்பணம் வாங்கிய குடும்பம் செங்கல் சூளைக்கு ஊர்விட்டுப் போகும்போது, பிள்ளையின் படிப்பும் பாதியில் நிற்கிறது. இவை எல்லாமே மனிதர் செய்தவை. மனிதர் செய்ததை மனிதரால் மாற்றவும் முடியும்.

மாற்றிக் காட்டிய மண் இது. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. 2001இல் உச்சநீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவும் சேர்ந்தது. அந்தச் சோற்றைத் தின்னும் பிள்ளை யாருக்கும் பாட்டுப் பாட வேண்டியதில்லை. அது அவன் உரிமை. பிச்சைக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் சொல்லித் தருகிறோம்?

சோற்றைப் போலவே படிப்பும் உரிமைதான்; அதற்கும் போராட வேண்டியிருந்தது. 1953இல் ராஜாஜி அரசு, பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார். 1954இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்த அதே சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தந்தது. மணியடித்ததும் டியூசனுக்குப் போவது யார் வீட்டுப் பிள்ளை? வேலைக்குப் போவது யார் வீட்டுப் பிள்ளை? இதை மாணவர்கள் கேட்டுப் பழகட்டும்.

கணக்கு வகுப்பில் ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தை எழுதிப்போட்டு, ஐந்து பேர் குடும்பத்துக்கு அரிசி, வாடகை, மருந்து, பேருந்துச் செலவு எல்லாம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவியல் வகுப்பில் இரும்புச்சத்துக் குறைந்த உடம்புக்குப் பாடம் ஏன் ஏறுவதில்லை என்று விளக்குங்கள். சமூக அறிவியலில் கல்வி உரிமைச் சட்டத்தைப் படிக்க வையுங்கள். கடையில் சிறுவன் எச்சில் தட்டு எடுத்தால் 1098க்குச் சொல்லத் தெரியட்டும். தன் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நியாயமான சம்பளம் தருகிறோமா என்று அப்பாவிடம் கேட்கும் துணிவும் வரட்டும். உண்மையான உதவி அங்கேதான் தொடங்குகிறது.

இன்று பசித்தவனுக்கு இன்றே சோறு போடுங்கள். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பாட்டும் படமும் வேண்டாம். உங்கள் பிள்ளையையும் அதே வரிசையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். அவன் 'ஏன்' என்று கேட்டால் தலையெழுத்தைக் காட்டாதீர்கள். காரணத்தைக் காட்டுங்கள்.