வெறுமையாக்குவது யாரை?



ஏலக்காய்ப் பருவம் வந்துவிட்டால், நம் போடியில் விடியுமுன்னே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். மலையேறிப் போகும் பெண்கள் நாள் முழுதும் செடியின் தூரடியில் குனிந்து காய் பறிக்கிறார்கள். சாயங்காலம் நிறைந்த கூடையை எடைக்குக் கவிழ்த்துவிட்டு, வெறுங்கையோடு இறங்குகிறார்கள். வெறுமை இன்னதென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

லத்தீன் மொழியில் 'எக்ஸினானீரே' என்றொரு வினைச்சொல் உண்டு. 'இனானிஸ்' என்றால் வெறுமையானது. அதிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு, ஒன்றும் மிஞ்சாதபடி காலியாக்குதல் என்று பொருள். இது பக்திச் சொல்லாகப் பிறந்ததல்ல. சிசிலித் தீவைக் கொள்ளையிட்ட வெர்ரெஸ் என்னும் அதிகாரிமேல் கி.மு. 70-ல் வழக்காடிய சிசரோ, அவன் அக்கிரமங்களை விவரித்து எழுதிய உரைகளில் இச்சொல்லைக் கையாண்டார். வுல்காத்தா வேதாகமத்தின் 136-ம் சங்கீதத்தில் (எபிரேயக் கணக்கில் 137) எருசலேமை அஸ்திவாரம்வரை பாழாக்கும்படி ஏதோமியர் கூவுவதும் இதே சொல்லால்தான்.

ஆனால் அர்ச். சின்னப்பர் பிலிப்பியருக்குக் கிரேக்கத்தில் எழுதிய நிருபத்தை லத்தீனில் பெயர்த்தவர்கள், சேசுநாதரைப்பற்றிச் சொல்லுமிடத்தில் (2:7) இந்தச் சொல்லையே வைத்தார்கள். குருத்து ஞாயிறன்று நாம் கேட்கும் வாசகம் அது. கொள்ளைக்காரனுக்குரிய சொல் இரட்சகருக்கு எப்படிப் பொருந்தும்? வினை ஒன்றுதான், வெறுமையாக்கப்பட்டது யார் என்பதில்தான் பேதம். வெர்ரெஸ் பிறரை வெறுமையாக்கினான். ஆண்டவர் தம்மையே வெறுமையாக்கினார்.

இந்தப் பேதத்தை நம் வீடுகளில் மறந்துவிடுகிறோம். "பொறுத்துப் போ, விட்டுக்கொடு" என்று மனைவிக்கும் மருமகளுக்கும் வேலைக்காரருக்கும் உபதேசிக்கிறோம். சேசுநாதரின் தாழ்ச்சியை மேற்கோள் காட்டிப் பிறருடைய கூடையைக் கவிழ்ப்பது தாழ்ச்சியாகுமா? அது வெர்ரெஸின் வழியல்லவா?

"அப்படியானால் பொறுமை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் நிருபம் சொல்லும் ஒழுங்கைக் கவனியுங்கள்: சர்வேசுரனுடைய மகிமையை உடையவரே முதலில் இறங்கினார். ஆகையால் அதிகம் உள்ளவனே முதலில் இறங்கவேண்டும். கூலி கொடுப்பவன் கூலி வாங்குகிறவளுக்கு முன்னும், கணவன் மனைவிக்கு முன்னும் தன்னைக் காலியாக்கட்டும். மற்றவர் தியாகம் செய்யும்படி கட்டளையிட நமக்கு அதிகாரமில்லை. நம் தியாகம் ஒன்றே நம் கையிலிருக்கிறது.

இன்று மாலை மலையிலிருந்து இறங்கி வருகிறவள் வாசலில் கால் வைக்குமுன், அடுப்பை நீங்கள் மூட்டி வையுங்கள். அந்த லத்தீன் சொல்லின் அர்த்தம் அப்போது விளங்கும்.