கலியாண வீட்டில் வெங்காயம் உரிப்பவர்கள்

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் ஒரு காலத்தில் கலியாணத்துக்கு இரண்டு அழைப்புகள் இருந்தன. ஒன்று சாப்பாட்டுக்கு, மற்றது வேலைக்கு. சாப்பாட்டுக்குச் சொல்லப்படாதவர் கோபித்துக்கொள்வார். வேலைக்குச் சொல்லப்படாதவரோ துக்கப்படுவார். இவ்விரு உணர்ச்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்னை நீண்ட நாட்களாகச் சிந்திக்க வைத்திருக்கிறது.

பல நாட்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கிடுகால் பந்தல் போடுவது ஆண்கள் பாடு. அரிசி இடிப்பது, மா வறுப்பது, பலகாரம் சுடுவது, தொதல் கிண்டுவது எல்லாம் பெண்கள் பாடு. முந்திய இரவு வந்துவிட்டால் ஓர் அறையில் மணப்பெண்ணின் கைக்கு மருதோன்றி இடுவார்கள். குசினிப் பக்கம் பாய் விரித்துச் சாக்குச் சாக்காக வெங்காயம் உரிப்பார்கள். அன்றிரவுச் சாப்பாடு எளிமையானது: சோறு, ஒரு மீன் கறி, கிடைத்தால் ஒரு சுண்டல். வேலைக்கு வந்தவர்களும் வீட்டுக்காரரும் ஒன்றாயிருந்து தின்பார்கள். மறுநாள் சஹனைச் சுற்றிப் பலர் கூடியமரும் விருந்தைவிட, அந்த முந்திய இரவுச் சோறுதான் கலியாண வீட்டின் உண்மையான சாப்பாடு என்பேன்.

இன்று மண்டபம் இருக்கிறது. சமையலை ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிறோம். தூரத்து உறவில் மாமி முறையான ஒரு விதவையை நானறிவேன். கையில் காசில்லாதவர். ஆனால் தொதலின் பதம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கலியாணத்துக்கு முந்திய நாளே வந்துவிட்டார். “சும்மா இரிங்க மாமி, எல்லாம் ஓடர் குடுத்தாச்சி” என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். கதிரையும் போட்டார்கள். அந்தக் கதிரையின் நுனியில், செய்வதற்கு எதுவுமில்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். உறவினரிடையே அவர் கொடுப்பவராக இருந்த ஒரேயொரு இடமும் போய்விட்டதென்று எனக்குப் பட்டது. இனி அவர் பெறுபவர் மாத்திரமே.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், 1925இல் வெளியான கொடை பற்றிய தனது நீண்ட கட்டுரையில், கொடுப்பது, பெற்றுக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்றையும் கடமைகளாகவே கண்டார். நாம் மறந்துவிடுவது இம்மூன்றில் நடுவிலுள்ளதை. “உங்களுக்கு ஏன் சிரமம்” என்று ஒருவரின் உதவியை மறுப்பது பெருந்தன்மை போலத் தோன்றும். உம்மிடமிருந்து எமக்கு எதுவும் தேவையில்லை என்பதுதான் அதன் மறுபக்கம்.

ஹிஜ்ரி 7இல் (கி.பி. 628) கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்த ஸபிய்யா (ரழி) அவர்களின் வலீமாவை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பின்படி, தோல் விரிப்பொன்று விரிக்கப்பட்டது. தம்மிடம் உள்ளதைக் கொண்டுவரும்படி தோழர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஒருவர் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், இன்னொருவர் நெய் கொண்டுவந்தார். அவற்றைக் கலந்து செய்த ஹைஸ்தான் விருந்து. செல்வரை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா பற்றிய கண்டனத்தை நமது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஏழை வந்து சாப்பிட்டால் மாத்திரம் போதுமா, அவர் கொண்டுவருவதற்கும் விரிப்பில் இடம் வேண்டாமா என்று எவரும் கேட்டதாக நினைவில்லை.

இப்படி எழுதுவது ஆண்களுக்கு இலகு. வெங்காயம் உரித்துக் கண் எரிந்தவர்கள் பெண்கள். அவர்களுள்ளும் வசதியுள்ள மைனிமார் முன்மண்டபத்தில் புடவை பார்த்துக்கொண்டிருக்க, வசதியற்ற ராத்தாமார் அடுப்படிப் புகையில் வெந்தார்கள். எல்லோரும் உண்டு முடிந்தபின் அடிச்சட்டிச் சோற்றைத் தின்றார்கள். அதையும் உதவி என்றே சொன்னோம். மண்டபக் கலியாணம் அந்தப் பெண்களுக்கு விடுதலை என்று ஒருவர் வாதிட்டால் என்னால் உடனே மறுக்க முடியாது.

ஆகவே உதவிக்கும் கூலியில்லா ஊழியத்துக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? வேலையின் பாரத்தில் அல்ல, மனம் விரும்பிச் செய்ததா என்பதிலும் அல்ல. விருப்பத்தை யார் அளப்பது? திரும்பி வரும் நாளில்தான் அது தெரியும் என்பது என் எண்ணம். எனக்காக வெங்காயம் உரித்தவரின் வீட்டில் கலியாணம் வரும்போது நான் கத்தியும் கையுமாகப் போனால் அவர் எனக்குச் செய்தது உதவி. காசு வைத்த கடித உறையோடு, சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனால், அன்று அவர் செய்ததை நான் கூலி வேலையாக்கிவிட்டேன், அதுவும் தாமதமாகக் கொடுத்த கூலி. மஹரும் கைக்கூலியும் எழுத்தில் வருபவை; 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலேயே அவற்றுக்கு இடமளிக்கப்பட்டது. உரித்த வெங்காயத்துக்குப் பதிவேடு இல்லை. ஆயினும் எம் உம்மாமார் அந்தக் கணக்கை ஒருபோதும் தவறவிட்டதில்லை: யார் வந்தார், யார் ஆளனுப்பினார், யார் உறை அனுப்பினார்.

அண்மையில் ஒரு குடும்பத்தில் மண்டபமும் பிடித்து, புரியாணிக்கும் ஓடர் கொடுத்துவிட்டு, வட்டிலப்பத்தை மாத்திரம் வீட்டிலேயே அவிப்பதென்று முடிவெடுத்தார்கள். செலவைக் குறைக்க அல்ல. முந்திய இரவு முட்டை உடைக்கவும் கருப்பட்டி சீவவும் அயல்வீட்டாரும் ஏழை உறவினரும் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த, வீட்டுக்காரரின் வசதியான தங்கையும் பாயில் உட்கார்ந்தார். அவருக்குத் தேங்காய் துருவத் தெரியாதென்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. பக்கத்திலிருந்த கிழவி துருவலையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார்.