ஓடி ஓய்ந்த குதிரையும் ஐந்து குற்றங்களும்



மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம் எது என்று வினவினால், நம் வீட்டுச் சிறுவரும் 'குதிரை' என விடை பகர்வர். ஜினாலயத்தில் அப்பெருமானின் பீடத்துக் குதிரையைக் கண்டு கைகூப்பும் நாம், உயிருள்ள குதிரை ஒன்று நம் வாயிலில் வந்து நின்றால் என் செய்வோம்? இவ்வினா எம் இல்லத்திற்கே வந்தது.

காஞ்சியை அடுத்த முசரவாக்கத்தில் எம் தங்கை மகன், பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட ஆறு வயதுப் பெண்குதிரை ஒன்றைத் தன் தென்னந்தோப்பிற்குக் கொணர்ந்தான். "பரிக்கிரகத்தைச் சுருக்க வேண்டிய குடும்பத்தில் இது எதற்கு? விற்றுவிடு" என்றோம் யாம். "ஓடாத குதிரையை வாங்குகிறவர் எதற்காக வாங்குவார், பெரியம்மா?" என்று அவன் கேட்டான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நெடுங்காலம் வினாத் தொடுத்தே பழகிய எமக்கு அன்று விடை தோன்றவில்லை.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. எலும்புகள் முழுதும் முதிர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள்ளாகவே பல குதிரைகளின் ஓட்டம் முடிந்துவிடுகிறது. நன்கு பேணினால் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மனிதர் அதனால் பயன்கொள்ளும் காலம் சில ஆண்டுகளே. அது மனிதரை நம்பி வாழ வேண்டிய காலமோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

சென்னைக் கிண்டியில் 1777இல் குதிரைப் பந்தயம் தொடங்கியது. அதனை ஒழிக்கத் தமிழக அரசு 1974இல் சட்டம் இயற்றியது. 1996இல் உச்சநீதிமன்றம், அது சூதன்று, திறமை ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை இரத்துச் செய்து, ஏறத்தாழ 160 ஏக்கர்த் திடலுக்கு முத்திரையிட்டது. பணத்துக்கும் நிலத்துக்கும் வழக்காடப் பலர் உண்டு. ஓடி ஓய்ந்த உயிருக்காகப் பேச வேண்டியவர் கொல்லாமை விரதம் பூண்ட நாமல்லவா?

அவ்விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொல்லாதவரிடமும் இக்குற்றங்கள் புகும் என்பதே இதன் கருத்து. அதனை யாம் நூலில் படித்தோம், தோப்பில்தான் கண்டோம்.

முதலாவது, கட்டுதல். பந்தய லாயத்தில் நாளின் பெரும்பகுதி அடைபட்டிருந்த அக்குதிரை, தென்னை மரத்தில் தனியே கட்டப்பட்டபோது, தறியில் ஓடும் நாடாவைப் போல இப்புறமும் அப்புறமும் ஓயாது ஆடிற்று. குதிரை கூட்டமாய் வாழும் உயிர். தனிமை அதற்குத் துன்பம். வேலி அமைத்து, கயிறு அவிழ்த்து, எம் பசுவைத் துணைவிட்ட பின்னர் அவ்வாட்டம் சிறிது சிறிதாகக் குறைந்தது.

இரண்டாவது, அடித்தல். கடிவாளத்தை இழுத்தால் அது நிற்காமல் விரைந்தது. "சொன்னதைக் கேளாத குதிரை" என்று எம் மகன் பிரம்பை ஓங்கினான். உண்மை வேறு. பந்தயத்தில் வார் இறுகும்போது அதன்மேல் சாய்ந்து விரைந்து ஓடவே குதிரை பழகுகிறது. அது பாடத்தை மறக்கவில்லை. பழைய பாடத்தையே ஒப்புவித்தது. அக்கணம் எமக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். வேறு பள்ளியில் வேறு முறையில் வகுத்தல் கணக்குக் கற்று வந்தவனை, சொன்னபடி செய்யாதவன் என்று யாமும் பிரம்பால் அடித்தோம். அவன் விடை சரியாகவே இருந்தது. அக்குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

பின்னர்ச் சில மாதங்கள் குதிரைமேல் எவரும் ஏறவில்லை. கையில் பிடித்து உடன் நடப்பதும், 'நில்' என்றதும் நின்றால் உடனே வாரைத் தளர்த்துவதுமே பாடமாயின. மனமுடைய ஐம்பொறி உயிர் போதனையை ஏற்கவல்லது என்பது நம் ஆகமக் கொள்கை. சீவகன் உயிர் பிரியும் நாய்க்குப் பஞ்சமந்திரம் ஓதியதும் அந்நம்பிக்கையால் அன்றோ?

மூன்றாவது, உறுப்பறுத்தல். வெட்டினால்தான் ஊனம் என்றில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்யாவிடில் குதிரை தானே நொண்டியாகும்.

நான்காவது, மிகுசுமை. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்பிற்கு வாடகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். தசைநார் பழுதுற்ற காலோடு, தார்ச்சாலையில், மேளமும் வெடியும் முழங்க நடப்பது அதற்குப் பெருஞ்சுமை. தீவனச் செலவு கழுத்தை நெரித்த மாதம் அது. ஆயினும் மகன் மறுத்தான்.

ஐந்தாவது, உணவு தடுத்தல். தானியம் மிகுதியாக உண்டு பழகிய குதிரைக்குத் தீவனத்தைத் திடீரென மாற்றினால் கொடிய வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால் பத்து நாள்களுக்கு மேலாகச் சிறுகச் சிறுக மாற்றினோம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் 8 கிலோவுக்குக் குறையாத உலர்புல்லும், 25 முதல் 40 லிட்டர் வரை நீரும் வேண்டும். உபவாசம் நாம் விரும்பி ஏற்கும் விரதம். வாயில்லா உயிர்மேல் ஏற்றினால் அது பாவம்.

இனி, பரிக்கிரகம் என்று யாம் முதலில் கூறியதற்கு வருவோம். 'எனது' என்னும் மயக்கமே பரிக்கிரகம். பெருமைக்காகக் குதிரை வைப்பவனுக்கு அது பரிக்கிரகமே. வருவாயும் பெருமையும் கருதாது, வேறு புகலற்ற உயிரைப் பேணுபவனுக்கோ அது தயாதானம். எனினும் இடமும் பொருளும் இல்லாதவர் இரக்கம் மேலிட்டுக் கொணர்ந்து, பின் பட்டினியிடுதல் கூடாது. அவர்கள் பேணுவோருக்கு ஒரு கட்டுப் புல் அளிக்கலாம். பந்தயத்தில் பணம் கட்டாதிருத்தல் நம் எல்லோர்க்கும் இயலும்.

நேமிநாதர், அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தம் மணத்தேரையே திருப்பினார். அத்துணை வன்மை நமக்கில்லை. கதிரவன் மறையுமுன் உண்டு கையலம்பியதும், தோப்புத் தொட்டியில் வடிகட்டிய நீர் நிறைந்துள்ளதா என்று பார்த்து வருதல் இப்போது எம் பணி. 'விற்றுவிடு' என்ற வாய்க்கு இதுவே பிராயச்சித்தம்.

ஜினதர்மம் வாழ்க! எவ்வுயிரும் இன்புறுக!