பழுதுபடாத கருவி

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், அறியாமையைப் பற்றிய பாடத்திற்கு எங்கள் பேராசிரியர் தசரதனைத் துணைக்கு அழைப்பது வழக்கம். இருளில், ஆற்றங்கரையில், குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானை நீரருந்தும் ஓசையென்று கேட்டு அம்பெய்தான் அம்மன்னன். அவனுடைய வில்லில் குறையில்லை, குறியும் தப்பவில்லை, செவியில் விழுந்த ஓசைக்கு நேராகவே அம்பு சென்றது. ஆனால் மாண்டவன், கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் முகக்க வந்த சிறுவன். எய்தவன் பழிக்கு உரியவனா என்று பேராசிரியர் வினவுவார். உடனே விடை சொல்ல முந்துகிறவர்களைக் கையமர்த்திவிட்டு, “அங்கே இருப்பது யானைதானா என்று அறிந்துகொள்ள அவனுக்குக் கடமை இருந்ததா, வழி இருந்ததா என்று முதலில் கேளுங்கள்” என்பார். நாங்களும் குறித்துக்கொண்டோம், தேர்வில் எழுதினோம், மறந்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பாடத்தை மீண்டும் எனக்கு நினைவூட்டியது நூல் அன்று. மண்ணுக்கடியில் கிடந்த ஓர் எரிவாயுக் கருவி.

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றின் கரையில் லாரன்ஸ் என்னும் ஆலைநகர் இருக்கிறது. பஞ்சாலைகளுக்காகவே எழுப்பப்பட்ட ஊர். ஒரு காலத்தில் அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஏழைகள் வந்து குடியேறினர். இன்று அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் டொமினிக்கன் குடியரசு முதலான ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். அவ்வூருக்கும் அதன் அண்டை ஊர்களான ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஆகியவற்றிற்கும் சமையலுக்கும் குளிர்காய்வதற்கும் வேண்டிய இயற்கை எரிவாயு, தெருக்களின் அடியில் புதைந்த குழாய்களின் வழியே வீடுதோறும் செல்கிறது.

நம் அடுக்களையில் சிலிண்டரின் தலைமீது அமர்ந்திருக்கும் ரெகுலேட்டரை நாம் அறிவோம். சிலிண்டருக்குள் அடைபட்டுள்ள வாயுவின் வேகத்தைத் தணித்து, அடுப்புக்கு வேண்டிய அளவில் விடுவது அதன் பணி. குழாய்வழி வாயு வரும் ஊர்களில் இப்பணியைத் தெருவோரத்தில் உள்ள பெரிய ரெகுலேட்டர்கள் செய்கின்றன. லாரன்ஸில் ஒருபுறம் சதுர அங்குலத்திற்குச் சுமார் 75 பவுண்டு அழுத்தத்தில் வரும் வாயுவை, வீடுகளுக்குச் செல்லும் குழாய்களில் அரைப் பவுண்டு அழுத்தத்தில் அவை அன்று விட வேண்டியிருந்தது. ஏறக்குறைய நூற்றைம்பதில் ஒரு பங்கு! இடையில் நிற்கும் அக்கருவி தவறினால் ஊர் தாங்காது. அங்கோ அன்று வீட்டுக்கு வீடு தனி ரெகுலேட்டரும் இருக்கவில்லை. பொதுக்குழாயில் எந்த அழுத்தமோ, அடுப்பிலும் அதே அழுத்தம்தான் இருந்தது.

ரெகுலேட்டருக்குக் கண் இல்லை. வீட்டுப்புறக் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதை, அக்குழாயோடு இணைக்கப்பட்ட ஒரு சிறு குழாயின் வழியாகவே அது உணர்கிறது. உணர்குழாய் என்று அதைச் சொல்லலாம். அழுத்தம் குறைகிறதென்று உணர்குழாய் சொன்னால் ரெகுலேட்டர் அகலத் திறக்கும். மிகுகிறதென்று சொன்னால் ஒடுங்கும். அது கேட்கும் ஒரே குரல் அதுதான்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 13, வியாழக்கிழமை. லாரன்ஸின் தெற்குப் பகுதியில் ஒரு தெருவில், பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கைவிட்டுப் புதிய பிளாஸ்டிக் குழாயை இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பணியாளர்கள் தங்களுக்கு எழுதித் தரப்பட்ட படிகளை வரிசையாகவே செய்தனர். பழைய குழாய்க்கு வாயு வரும் வழி அடைக்கப்பட்டது. வீடுகளுக்கு இனிப் புதிய குழாயே. ஆனால் அண்மையில் இருந்த ரெகுலேட்டரின் உணர்குழாய்கள் பழைய குழாயிலேயே இணைந்திருந்தன. அவற்றைப் புதிய குழாய்க்கு மாற்ற வேண்டும் என்று எழுதித் தரப்பட்ட படிகளில் ஒரு வரிகூட இல்லை.

கைவிடப்பட்ட குழாயில் எஞ்சியிருந்த வாயு சிறிது சிறிதாகக் குறைந்தது. “அழுத்தம் குறைகிறது” என்று உணர்குழாய் சொன்னது. அது பொய்யன்று; அந்தக் குழாயில் உண்மையாகவே குறைந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டர் திறந்தது. இன்னும் குறைகிறது என்றது உணர்குழாய், இன்னும் திறந்தது. செத்த குழாயின் குரலைக் கேட்டு, உயிருள்ள வீடுகளுக்குள் வாயுவைக் கொட்டிக்கொண்டிருந்தது அக்கருவி. மாலை நான்கு மணி தாண்டியதும் அடுப்புகளில் தீ எழும்பியது, வெந்நீர்க் கலன்களின் அடியில் தீ பரவியது, வீடுகள் வெடித்தன. ஒரே வேளையில் மூன்று ஊர்களில் இடம் இடமாகத் தீ. 131 கட்டடங்கள் சேதமுற்றன; அவற்றுள் 5 வீடுகள் அடியோடு அழிந்தன. வெடித்த வீடொன்றின் புகைபோக்கி சரிந்து, வெளியே வாகனத்தில் அமர்ந்திருந்த ஓர் இளைஞரின் உயிரைப் பறித்தது. 22 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஐம்பதாயிரம் பேருக்குமேல் வீட்டைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். குளிர்காலம் நெருங்கிய பின்னும் அடுப்பும் கணப்பும் இன்றிப் பல குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன.

கருவிப் பழுது என்றுதான் எவரும் முதலில் எண்ணுவர். ஆனால் கருவியில் பழுது இல்லை. பொறியியலார் எவ்வாறு வடிவமைத்தனரோ அவ்வாறே அது இயங்கியது. சொல்லப்போனால், சற்றே பழுதுபட்டு, திறக்க மறுத்துத் துருவேறி நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்!

இதைவிட என் நெஞ்சை உறுத்தியது மற்றொன்று. அங்கு இருந்தது ஒரே ரெகுலேட்டர் அன்று; ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. ஒன்று வேலை செய்ய, மற்றது அதைக் கண்காணிக்க. முன்னது தவறினால் பின்னது தடுக்கும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டின் உணர்குழாய்களும் அதே பழைய குழாயில் இணைந்திருந்தன. உழைப்பவன் எதைக் கேட்டானோ அதையே காவலனும் கேட்டான். எனவே காவலனும் மனநிறைவோடு வழிவிட்டான். தொலைவில், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த கண்காணிப்பு நிலையத்தில் 4.04 மணிக்கும் 4.05 மணிக்கும் எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் அங்கிருந்தோரால் அழுத்தத்தைப் பார்க்க முடியுமே தவிர, எந்த அடைப்பானையும் மூட இயலாது. லாரன்ஸில் உள்ளவர்களுக்குச் சொல்லியனுப்பத்தான் முடிந்தது. அந்த ரெகுலேட்டர் மூடப்பட்டபோது மணி ஏறத்தாழ 4.30.

இனி வேடனின் வினாவுக்கு வருவோம். இரும்புக்குப் பாவம் இல்லை என்பது சிறு பிள்ளையும் அறிந்தது. மனிதருக்கு?

புனித தோமா அக்குவினாஸ் தமது பெருநூலின் இரண்டாம் பகுதியில் இவ்வினாவை இரண்டாகப் பிரித்துக் கேட்கிறார். தவறான மனச்சான்றுக்கும் கீழ்ப்படிய வேண்டுமா என்பது முதல் வினா. ஆம், தீமை என்று தன் அறிவு காட்டும் ஒன்றைத் துணிந்து செய்கிறவன், அந்த அறிவு தவறியிருந்தாலும், தீமையையே தேர்ந்துகொள்கிறான் என்பது அவர் விடை. அப்படியாயின், தவறான மனச்சான்றுக்குக் கீழ்ப்படிந்தவன் குற்றமற்றவனா என்பது இரண்டாம் வினா. இங்கேதான் நம்மில் பலர் அவசரப்பட்டு ஆம் என்றுவிடுகிறோம். அவரோ, அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பார் என்கிறார். அறிந்திருக்க வேண்டியதை அறியாமல் விட்ட அசட்டையிலிருந்து வந்திருந்தால், அது அவனைக் குற்றத்தினின்று விடுவிக்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 16-ஆம் பிரிவில் இதையே ஏற்கிறது. வெல்லவியலாத அறியாமையால் மனச்சான்று பிறழ்ந்தாலும் அதன் மாண்பு குன்றாது என்கிறது. ஆயின் உண்மையைத் தேட அக்கறை காட்டாதவனுக்கும், பழகிய பாவத்தால் பார்வை மங்கியவனுக்கும் அந்தச் சலுகை இல்லை என்றும் சேர்த்தே சொல்கிறது.

“என் மனச்சான்றுப்படி நடந்தேன்” என்பது பெருமைக்குரிய கூற்று. ஆனால் அதைச் சொல்கிறவன், தன் மனச்சான்றின் உணர்குழாய் எங்கே இணைந்திருக்கிறது என்று எப்போதேனும் தோண்டிப் பார்த்ததுண்டா? பிறந்த சாதியின் பேச்சிலா, வீட்டில் வாங்கும் ஒரே நாளேட்டிலா, தன்னைப் போற்றுவோரின் திண்ணையிலா? அங்கிருந்து வரும் செய்தி பொய்யாக இருக்க வேண்டுவதில்லை. அந்தச் சிறு வட்டத்திற்குள் அது மெய்யாகவே இருக்கலாம். மக்கள் வாழும் குழாய் வேறாக இருக்கிறது என்பதுதான் இடர்.

லாரன்ஸில் அறியாமை வெல்லக்கூடியதா, வெல்லவியலாததா? விசாரணையில் வெளிவந்த செய்திகளைப் பார்த்தால் ஐயத்திற்கு இடமில்லை. அங்கு வாயு வழங்கிய நிறுவனம் கொலம்பியா கேஸ். உணர்குழாய்களைக் கருத்தில் கொள்ளாவிட்டால் தீயும் வெடிப்பும் நேரும் என்பதை அந்நிறுவனம் 2015-ஆம் ஆண்டிலேனும் அறிந்திருந்தது என்று அரசு வழக்குரைஞர்கள் காட்டினர். ஒரு காலத்தில், குழாயில் அழுத்தத்தை இறக்கி வேலை செய்யும்போதெல்லாம், ரெகுலேட்டர் பிரிவின் தொழில்நுட்பர் ஒருவர் அழுத்தமானியோடு உடனிருந்து கவனிப்பது விதியாக இருந்ததாம். மாறுதல் கண்டால் அவர் உடனே தடுத்திருப்பார். அவ்வழக்கம் பின்னர் கைவிடப்பட்டது. ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு நிறுவனம் விளக்கம் எதுவும் தரவில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. இவ்வறிக்கையில் எனக்கு மிகவும் அச்சமூட்டிய செய்தி இதுவே. எவரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், ஒரு மனிதரை அங்கிருந்து விலக்கினார். தீங்கு எண்ணியிருக்கமாட்டார். வேலை விரைவாக முடியும் என்றோ, செலவு குறையும் என்றோ நினைத்திருக்கலாம். அல்லது எதையும் நினைக்காமலே இருந்திருக்கலாம். மறுநாளும் வெடிக்கவில்லை; மறு ஆண்டும் வெடிக்கவில்லை.

(அதே லாரன்ஸில், 1860 சனவரி 10 அன்று, பெம்பர்ட்டன் ஆலை தொழிலாளர்களோடு இடிந்து விழுந்தது. அதைத் தாங்கிய வார்ப்பிரும்புத் தூண்கள் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் வார்க்கப்பட்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தூண் தூணாகவே தெரியும். இடிபாடுகளுக்குள் சிக்கியோரை மீட்கும் வேளையில் விளக்கொன்று கவிழ்ந்து தீப்பற்றியது. அவ்வூருக்கு இரும்பினால் ஏதோ கணக்கு இருக்கிறது போலும்.)

பலர் சேர்ந்து செய்யும் தவற்றை யார் தலையில் வைப்பது? படிகளை எழுதியவர் தம் பிரிவின் வேலையை எழுதினார். ரெகுலேட்டர் பிரிவுக்கு அத்தாள் வரவேயில்லை. குழி தோண்டியவர்கள் தாளில் உள்ளதைச் செய்தனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1984-ஆம் ஆண்டில் ஒப்புரவைப் பற்றி வெளியிட்ட ஊக்கவுரையில், சமூகப் பாவம் என்று பேசும்போதும் தனிமனிதரின் பொறுப்பைக் கரைத்துவிடக் கூடாது என்று வற்புறுத்தினார். அமைப்பின் பாவம் என்பது, தடுக்க முடிந்தும் சோம்பலாலும் அச்சத்தாலும் மௌனத்தாலும் தடுக்காதவர்களின் பாவங்கள் சேர்ந்து இறுகியதே என்பது அவர் கருத்து. 2020-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 5 கோடியே 30 இலட்சம் டாலர் தண்டம் செலுத்தியது. அம்மாநிலத்தில் தன் தொழிலையும் விற்றுவிட்டு வெளியேறியது. நீதி அவ்வளவு தூரம் சென்றது பாராட்டத்தக்கது. ஆனால் நிறுவனத்திற்கு முழங்கால் இல்லை. ஒப்புரவு அருட்சாதனத் தொட்டிக்கு அது வரமுடியாது. வரக்கூடியவர்கள், தாம் சிறிதளவே செய்ததாக எண்ணி வீட்டில் இருந்துவிடுவார்கள்.

2018-ஆம் ஆண்டு முடியுமுன் மாசச்சூசெட்ஸ் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. அதுவரை எரிவாயு நிறுவனங்களின் திட்டத் தாள்களில் உரிமம் பெற்ற பொறியியலாளரின் முத்திரை தேவையில்லை என்று விலக்கு இருந்தது, அவ்விலக்கு நீக்கப்பட்டது. ஒரு மனிதர் தம் பெயரை இட்டு, இதை நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சிறிய மாற்றம்தான். என்றாலும் அறநெறி இறையியலின் பல ஏடுகள் சொல்ல முயல்வதை அது ஒரே ஒப்பத்தில் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியபோது மகிழ்ச்சியும் உண்டாயிற்று. அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், ஆண்டுத் தியானத்திற்காக நான் வெளியூர் சென்றிருந்த வாரத்தில், ஏழை வீடொன்றில் ஒரு முதியவர் இறந்தார். மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி இருந்தது. அதைக் கட்டிய பின்புதான் குருசும் தூம்பாவும் தரப்படும் என்று பிணம் கிடக்கும் வீட்டு வாசலில், ஊரார் முன்னிலையில் சொல்லப்பட்டது. மகன் ஓடிப்போய்க் கடன் வாங்கிவந்து கட்டினான். அடக்கம் முறைப்படி நடந்தது. நான் திரும்பியதும், வழக்கம்போல, குறை ஏதும் உண்டா என்று பங்குப்பேரவையைக் கேட்டேன். இல்லை என்றார்கள். நிதிக்குழுவையும் தனியே கேட்டேன். இல்லை என்றார்கள். இரண்டிலும் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள் என்பது அன்று எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. எட்டு மாதம் கழித்து, பின்வாசலில் மீன் விற்க வந்த அம்மா ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் செய்தி எனக்கு எட்டியது. அந்தக் குடும்பம் எட்டு மாதமாகக் கோவிலுக்கு வரவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்றேன். “உள்ள வாங்க சாமி” என்று அழைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மகன். அதற்குமேல் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. இரவு திரும்பி வந்து சந்தாப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் பெயருக்கு நேரே, அடக்க நாளின் தேதியிட்டு, ‘பாக்கி இல்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில், கணக்கு சரிபார்க்கப்பட்டது என்பதற்கு அடையாளமாக, என் ஒப்பம் இருந்தது.