யாருடைய நித்திரைக்காக இந்தக் குளிசை?

இரவு பதினொரு மணி. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். அம்மம்மா மாத்திரம் எழுந்து விறாந்தையில் நடக்கிறார். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார். யாரோ வந்து நிற்பதாகக் கூப்பிடுகிறார். பகலெல்லாம் வேலை செய்து களைத்த மகளுக்கு இது கண்மூடாத மூன்றாம் இரவு. அயல்வீட்டில் ஒருவரிடம் கிளினிக்கில் கொடுத்த நித்திரைக் குளிசை இருக்கிறது. "அரைவாசி கொடுத்துப் பாருங்கோ, ஒன்றும் செய்யாது" என்று அவர் அன்போடு நீட்டுகிறார். மகள் அதை வாங்கலாமா?

எங்கள் கிராமங்களில் பல வீடுகளில் நடக்கக்கூடிய காரியம் இது. இங்கே கெட்டவர் எவரும் இல்லை. அயலவர் இரக்கத்தினால் கொடுக்கிறார். மகள் களைப்பினால் கேட்கிறாள். ஆயினும் நல்ல மனம் மாத்திரம் ஒரு செயலை நல்ல செயலாக்கிவிடுமா? இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில் ஒரு வீண் மனச்சுமையை இறக்கி வைக்க வேண்டும். நித்திரைக் குளிசை போடுவதே விசுவாசக் குறைவு என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. செபமாலை சொல்லிவிட்டுப் படுத்தால் நித்திரை தானாக வரும், வராவிட்டால் செபம் போதாது என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோரும் உண்டு. திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. சீராக் ஞான நூலின் 38ஆம் அதிகாரம் வைத்தியனின் அறிவையும் மருந்தையும் இறைவனின் கொடையாகவே காட்டுகிறது. மனம் முறிந்து சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அளித்தவை நித்திரையும் அப்பமும் தண்ணீரும் அல்லவா? கேள்வியும் கட்டளையும் பின்னரே வந்தன. 1957 பெப்ரவரி 24ஆந் திகதி மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், தக்க காரணம் இருந்தால் உணர்வை மங்கச் செய்யும் மருந்தையும் நோவைத் தணிக்கப் பாவிக்கலாம் என்று விளக்கினார். ஆகவே வைத்தியர் கொடுத்த குளிசையை அவர் சொன்னபடி எடுப்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதே திருச்சபை, 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி ஏட்டின் 2290ஆம் எண்ணில், உணவு, மது, புகையிலை என்பவற்றோடு மருந்தையும் அளவு மீறிப் பாவிக்கலாகாது என்கிறது. மருந்து என்ற சொல் அந்த வரிசையில் நிற்பது நம்மிற் பலருக்குப் புதுமையாக இருக்கும். மதுவில் அளவு மீறுவது கண்ணுக்குத் தெரியும். மருந்தில் அளவு மீறுவது தெரிவதில்லை. அது வைத்தியரின் துண்டில் வந்த பொருள் என்பதால் கண்ணியமான முகத்தோடு வீட்டில் இருக்கிறது.

இக்குளிசைகளின் வரலாறே ஒரு பாடம். 1903 முதல் பாவனைக்கு வந்த பார்பிட்டுரேற்று மருந்துகளில், நித்திரை தரும் அளவுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறுகியது. 1960இல் லிபிரியமும் 1963இல் வாலியம் எனப்பட்ட டயசெப்பாமும் வந்தபோது, இனிப் பயமில்லை என்று உலகம் ஆறுதலடைந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 1988இல், பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர்களுக்கு அறிவித்தது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும், பழக்கமாகிவிடும் ஆபத்தைப் பற்றித் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை இவ்வகை மருந்துகள் எல்லாவற்றிலும் பொறிக்கச் செய்தது. காரணம் இதுதான். மூளையை அமைதிப்படுத்தும் இயற்கையான இரசாயனத்தின் வேலையை இக்குளிசை கூட்டிக் கொடுக்கிறது. சில வாரங்களில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பின்பு அதே அளவு போதாது. நிறுத்தினால் முன்பிருந்த நித்திரையும் வராது.

முதியவர்களில் இன்னுமோர் ஆபத்து உண்டு. டயசெப்பாமில் பாதியளவு உடலை விட்டு நீங்கவே 20 முதல் 50 மணித்தியாலம் வரை செல்லும். வயது போனவர்களில் இன்னும் அதிகம். நேற்றைய குளிசை நீங்குமுன் இன்றையது சேர்கிறது. விடியப்புறம் எழுந்து நடக்கையில் கால் தடுமாறி இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் எழும்பாமலே போகும் முதியவர்கள் உண்டு. நினைவு மங்கியவர்களுக்குக் குழப்பமும் கூடலாம்.

இப்போது அம்மம்மாவிடம் திரும்புவோம். அவர் இரவில் எழுந்து நடப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். சலத்தில் கிருமி தொற்றியிருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம், சொல்லத் தெரியாத நோ இருக்கலாம், பிறசருக்குக் கொடுத்த, சலம் போகச் செய்யும் குளிசையைக் காலையில் எடுக்காமல் பின்னேரத்தில் எடுப்பதாலும் இருக்கலாம். இவை வைத்தியர் கண்டுபிடித்துத் தீர்க்கக்கூடியவை. அயலவரின் அரைக் குளிசை அவரை அடக்கிவிட்டால், உள்ளே இருக்கும் வருத்தத்தை அறிவித்த மணியின் நாவைக் கட்டிவிட்டோம் என்றே ஆகும்.

எனவே குளிசையைக் கையில் எடுக்குமுன் ஒரு கேள்வியை நமக்குள் கேட்க வேண்டும்: இது யாருடைய நித்திரைக்காக? அவருடைய சுகத்துக்காக என்றால், வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். அவர் தந்தால் தந்த அளவிலே கொடுப்போம். எங்களுடைய நித்திரைக்காக என்றால், அதையும் ஒளிக்காமல் ஒத்துக்கொள்வோம். மகளின் களைப்பு பொய்யல்ல; அவளும் மனுஷி. ஆனால் அதற்கு மருந்து தாயின் வாயில் இடுவதல்ல. கிழமையில் இரண்டு இரவு சகோதரன் வந்து விழித்திருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இரவுத் துணைக்கு ஒருவரை அமர்த்தப் பணம் அனுப்பலாம். ஒருத்தியின் தோளில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு, அவள் குளிசையைத் தேடுகிறாள் என்று குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இனி, அயலவரின் கொடையைப் பார்ப்போம். மருந்துத் துண்டு ஒருவரின் பெயரில் எழுதப்படுகிறது. அவருடைய வயது, ஈரல், மூச்சு, வேறு மருந்துகள் எல்லாவற்றையும் நினைத்தே எழுதப்படுகிறது. நித்திரையில் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நிற்பவருக்கும், நெஞ்சு வருத்தத்தால் இளைப்பவருக்கும் அதே குளிசை கேடாகலாம். கருவுற்றிருப்பவரும் பாலூட்டும் தாயும் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. சாராயத்தோடோ கள்ளோடோ சேர்ந்தால் மூச்சே தளர்ந்துவிடும். தடிமனுக்குப் போடும் பிரித்தன் போன்ற சாதாரண குளிசையும் மயக்கத்தைக் கூட்டும். சீனியோ அரிசியோ கைமாற்றாகக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கலாகாது.

வைத்தியரிடம் உண்மை சொல்வதும் இதில் சேர்ந்ததே. பாவசங்கீர்த்தனத்தில் பாதியை மறைத்தால் பயனில்லை என்று அறிந்த நாங்கள், வைத்தியரிடம் குடியை மறைக்கிறோம். வேறோர் இடத்தில் எடுத்த குளிசையை மறைக்கிறோம். இரண்டு கிளினிக் கொப்பி வைத்து இரண்டு இடத்தில் வாங்குவோர் ஏமாற்றுவது தங்களையே. மிஞ்சிய குளிசைகளைச் சேர்த்து வைப்பதும் தவறு. பேரப்பிள்ளை இனிப்பென்று விழுங்கலாம். மனமுடைந்து போன ஒருவர் வீட்டில் இருந்தால், மருந்தை வேறொருவர் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்கு உரியதை மாத்திரம் கொடுப்பதே அன்பு. அப்படி ஒருவர் வாழ வெறுத்துப் பேசினால் அதை அசட்டை செய்யக்கூடாது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

எங்கள் மண்ணின் நித்திரையின்மைக்கு வேறொரு வேரும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனோம். யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. காணாமற் போனவர்களின் தாய்மாருக்கு இரவு இன்னும் முடியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 'மனவடு' என்ற தமிழ் நூலிலும் 1998இல் வந்த ஆங்கில நூலிலும், யுத்தம் எங்கள் மக்களின் உள்ளத்தில் விட்ட காயங்களை எழுதி வைத்தார். குழம்பிய நித்திரையும் கெட்ட கனவும் அக்காயங்களின் அடையாளங்கள். அம்மம்மா ஏன் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார் என்று எவராவது கேட்டோமா? வேறொரு தாயின் கதை இன்னொரு விதம். ரொறன்ரோவில் மகன் பின்னேரம் ஐந்து மணிக்கு வேலை முடித்து வரும்போது இங்கே விடியப்புறம் இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. அந்த அழைப்புக்காக விழித்திருக்கும் தாய்க்கு வேண்டியது குளிசையா, மகன் வேறொரு நேரத்தில் பேசுவதா?

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது குளிசையல்ல, படுக்கைப் பழக்கத்தையும் அதைப் பற்றிய பயத்தையும் திருத்தும் சிகிச்சையே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் சாரம் எளியது. எப்படி நித்திரை கொண்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புவது. நித்திரை வந்தபின் படுப்பது. வராவிட்டால் புரண்டு கிடக்காமல் எழுந்து அமைதியாக இருந்துவிட்டு மீண்டும் படுப்பது. மத்தியானத்தின் பின் தேத்தண்ணீரையும் நீண்ட பகல் நித்திரையையும் விடுவது. விடியுமுன்னே விழிப்பு வந்து, எதிலும் மனம் செல்லாமல் வாரக்கணக்கில் இருப்பவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். அதற்கு வேறு வைத்தியம் உண்டு.

நீண்ட காலமாகக் குளிசை எடுப்பவர் இதை வாசித்துப் பயந்து இன்றிரவே நிறுத்திவிடக்கூடாது. திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் கூட வரலாம். வைத்தியரோடு பேசிச் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

ஒலிவத் தோட்டத்தில் நித்திரையின்றித் தவித்த இரவில் நம் ஆண்டவர் தம் நண்பர்களிடம் கேட்டது ஒன்றே: தம்மோடு சற்று விழித்திருக்கும்படி. அவர்கள் நித்திரையாகிவிட்டார்கள். அந்த மகள் அயலவரின் குளிசையை நன்றியோடு திருப்பிக் கொடுக்கட்டும். விடிந்ததும் தாயை வைத்தியரிடம் கூட்டிச் செல்லட்டும். அந்த அயலவருக்கும் கொடுக்க நல்லதொன்று உண்டு: "இன்றிரவு நான் வந்து அம்மாவோடு இருக்கிறேன், நீ படு, பிள்ளை" என்ற ஒரு சொல்.