விடைபெறுவதிலும் ஒரு நீதி

கம்மாபுரம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பலர் நெய்வேலிச் சுரங்கங்களுக்கும், விருத்தாசலம் பீங்கான் தொழிற்கூடங்களுக்கும் வேலைக்குச் செல்கின்றனர். இவர்களுள் ஒப்பந்தக்காரரிடம் கூலி பெறுவோர் ஏராளம். ‘நிரந்தரம்’ என்னும் சொல் இவர்களது இல்லங்களில் ஒரு மன்றாட்டைப் போலவே ஒலிக்கிறது. 2023 ஜூலையில் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த தலையாய கோரிக்கையும் அதுவே.

இத்தகைய இளைஞர் ஒருவர் ஒரு வியாழன் மாலை என்னிடம் வந்தார். ஏழு ஆண்டுகளாகப் பீங்கான் சூளையில் ஒப்பந்த வேலை. வெளியூர்த் தொழிற்சாலை ஒன்று அவருக்கு நிரந்தரப் பணி தந்து, திங்களன்றே சேரும்படி ஆணை அனுப்பியிருந்தது. இங்கோ, சூளையில் சரக்கு அடுக்கி நெருப்பும் மூட்டியாகிவிட்டது.

“சாமி, சொல்லாமலே போய்விடட்டுமா? ‘நாளைக்கு வேலை இல்லை’ என்று எத்தனை இரவு எனக்கு ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார்! அவருக்கு மட்டும் நான் எதற்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும்?”

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கீடான ஊதியமோ தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் வகுத்தது. இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள்கள் உழைத்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு என்று 1981-இல் தமிழகம் சட்டம் இயற்றியது. ஆயினும் ஏட்டில் பெயரில்லாத கூலியாளுக்கு அந்த நாள்களை எண்ணிக் கொடுப்பவர் யார்?

எனக்கு யாக்கோபின் நினைவு வந்தது. லாபானிடம் அவர் உழைத்தது இருபது ஆண்டுகள். அவருடைய கூலி பத்து முறை மாற்றப்பட்டது. இறுதியில், லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கச் சென்றிருந்த வேளையில் சொல்லாமல் புறப்பட்டார். அவருடைய அச்சம் பொய்யன்று. எனினும் ஏழு நாள் வழி துரத்தப்பட்டு, கள்வனைப்போல் தம் உடைமைகளைச் சோதிக்கக் கொடுத்து நிற்க நேர்ந்தது. அநீதிக்கு உள்ளானவரே குற்றவாளிபோல் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

முன்னறிவிப்பு என்பது முதலாளியின் நற்குணத்திற்கு நாம் செலுத்தும் கைம்மாறு அன்று. நாம் விட்டுச் செல்லும் சுமை யார் தோளில் விழுகிறதோ, அவருக்கு நாம் பட்ட கடன் அது. பீங்கான் 1,200 டிகிரிக்கு மேல் வேகுவது. அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தால் சரக்கு வெடித்துவிடும். அந்த இழப்பு ஒப்பந்தக்காரரோடு நில்லாது. உடன் உழைக்கும் இருவரின் வாரக்கூலியிலும் கை வைக்கும்.

அக்கடனுக்கும் ஓர் அளவு உண்டு. கைமாற்றிக் கொடுக்கத் தேவையான நாள்களே அதன் எல்லை. நாளை என்னும் உறுதியை ஒருபோதும் தராதவர், ஒரு மாதம் காத்திரு என்று கேட்க இயலாது. நியமன ஆணை கைக்கு வருமுன் வாய்திறக்க வேண்டியதும் இல்லை. இருக்கும் வேலையையும் இழப்பது அறமாகாது. மேலும், பழைய இடத்தை ஒரே இரவில் உதறிவிட்டு வா என்று பணிக்கும் புதிய நிறுவனமும் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இன்று பிறருக்குச் செய்யச் சொல்வதை நாளை தனக்குச் செய்தால் அது பொறுக்குமா?

“ஐந்து நாள் கேட்டுப் பாருங்கள்” என்றேன். மூன்று நாள் கிடைத்தது. வெள்ளியன்றே ஒப்பந்தக்காரரிடம் சொன்னார், வசை கேட்டார். ஆயினும் சூளை ஆறித் திறக்கும்வரை இருந்து, அடுத்தவருக்கு வேலையைக் காட்டிக் கொடுத்துவிட்டே போனார்.

அவருடைய கடைசி வாரக்கூலி இன்னும் வரவில்லை. இருமுறை நானே சென்று கேட்டேன். இன்னொரு முறையும் செல்வேன். அறிவுரை சொல்வது எனக்கு எளிதாயிருந்தது. அதற்கு விலை கொடுத்தவர் அவர். ஒருவரை நேர்மையாய் இருக்கச் சொல்கிறவன், அந்த நேர்மை அவருக்கு வருவிக்கும் இழப்பில் பாதியையேனும் தானும் சுமக்க வேண்டாமா? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன்.